வாக்குச்சாவடியில் இரண்டாம் அலுவலரின் பணி என்ன?

கேள்வி (பள்ளி ஆசிரியை):
வரும் தேர்தலில் இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலராக எனக்கு நியமன ஆணை வந்துள்ளது. என் மேசையில் நடக்க வேண்டியவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்):
அம்மா, முதல் அலுவலர் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து உரக்கப் படித்த பின்பு வாக்காளர் உங்களிடம் வருவார். இடது கை ஆள்காட்டி விரலில், நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரை மையைக் கோடாக இட்ட பிறகே வாக்களிக்க வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் விவரங்களை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அதற்குள் மை உலர்ந்துவிடும். பின்பு நீங்கள் தரும் சீட்டைப் பெற்றுக்கொண்டுதான் மூன்றாம் அலுவலர் வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியை இயக்குவார் என்பதால், பதிவேட்டின் வரிசை ஒருபோதும் பிசகக் கூடாது.

பதில் 2 (வருவாய்த் துறை ஊழியர்):
வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடங்களுக்கு முன்பே, வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிவு செய்யப்படும். அவற்றை இயந்திரத்திலிருந்து அழித்து, வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் பெட்டியிலுள்ள சீட்டுகளையும் அகற்றினார்களா என்று நீங்களும் கவனியுங்கள். தவறினால் மாலையில், பதிவான வாக்குகளைக் குறிக்கும் 17சி படிவத்தின் கணக்கு ஒத்துவராது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ஒருவரின் வாக்கை வேறொருவர் ஏற்கெனவே செலுத்தியிருந்தால்?

பதில் 1:
அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அது அவருடைய உரிமை. தலைமை அலுவலரிடம் அனுப்புங்கள். அவர் விசாரித்து மனநிறைவடைந்தால், ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைத் தருவார். அந்த வாக்கு இயந்திரத்தில் பதிவாகாது. தனி உறையில் வைக்கப்படும்.