செவிலியர் தினத்தன்று 'கேரி ஆன் நர்ஸ்' படத்தைத் திரையிடலாமா?

கேள்வி: நர்சிங் ஆசிரியை

நர்சிங் கல்லூரியில் முதலாமாண்டு மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மே 12, நைட்டிங்கேல் அம்மையாரின் பிறந்தநாளன்று, விளக்கேற்றி உறுதிமொழி எடுத்து முடித்தபின் மாலையில் ஒரு பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம் போட முதல்வரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். 1954இல் வந்த 'டாக்டர் இன் தி ஹவுஸ்', 1959இல் வந்த 'கேரி ஆன் நர்ஸ்', 1967இல் வந்த 'கேரி ஆன் டாக்டர்' ஆகிய மூன்றில் ஒன்று. என் விருப்பம் நடுவிலுள்ளது. ஆனால் உடன் வேலை பார்க்கும் ஒருவர், "நர்ஸைக் கேலி செய்யும் படத்தையா நர்ஸ் தினத்தில் போடுவீர்கள்?" என்று கேட்டதிலிருந்து மனம் உறுத்துகிறது. மாணவிகளுக்குப் பதினெட்டு வயது. பாதிப் பேர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய படப் பிரியர்

மேடம், மூன்றும் ஒரே குடும்பத்துப் படங்கள் என்றே சொல்லலாம். 'டாக்டர் இன் தி ஹவுஸ்' இயக்கியவர் ரால்ஃப் தாமஸ், தயாரித்தவர் பெட்டி பாக்ஸ். 'கேரி ஆன்' என்ற பெயரில் வரிசையாக வந்த நகைச்சுவைப் படங்களை இயக்கிய ஜெரால்ட் தாமஸ், ரால்ஃபின் தம்பி. அவற்றைத் தயாரித்த பீட்டர் ரோஜர்ஸ், பெட்டி பாக்ஸின் கணவர். எல்லாமே பைன்வுட் ஸ்டுடியோவில் உருவானவை.

'டாக்டர் இன் தி ஹவுஸ்' மருத்துவ மாணவர்களின் கதை. டர்க் போகார்ட் நாயகன். அறுவை மருத்துவர் சர் லான்சலாட் ஸ்ப்ராட்டாக வரும் ஜேம்ஸ் ராபர்ட்சன் ஜஸ்டிஸின் குரல் வராந்தாவில் கேட்டாலே மாணவர்கள் நடுங்குவார்கள். அவ்வளவு மதிப்பு அவருக்கு. 'கேரி ஆன் டாக்டர்' படத்து மருத்துவமனைச் சுவரில் அவர் உருவப்படத்தை மாட்டி மரியாதை செய்திருக்கிறார்கள். அருமையான படம்தான், ஆனால் உங்கள் மாணவிகளுக்கு அதில் இடம் குறைவு. 'கேரி ஆன் நர்ஸ்' அந்த ஆண்டு பிரிட்டனில் வசூலில் முதலிடம் பிடித்த உள்நாட்டுப் படம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற நர்சிங் கண்காணிப்பாளர்

அன்புள்ள சிஸ்டர், தயங்காமல் போடுங்கள். அரசு மருத்துவமனை வார்டுகளிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. செவிலியர் வருகிற படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் அவள் டாக்டருக்குப் பின்னால் தட்டு ஏந்தி நிற்பாள், அல்லது காதலிப்பாள். இந்தப் படத்தில் வேலை செய்கிறாள். ஹேவன் மருத்துவமனை என்ற கற்பனை மருத்துவமனையின் ஆண்கள் வார்டுதான் கதைக்களம். படுக்கை விரிப்பது, குளிப்பாட்டுவது, மணி அடித்தால் ஓடுவது, மறுபடி மணி அடித்தால் மறுபடி ஓடுவது. திரைக்கதை எழுதிய நார்மன் ஹுடிஸின் மனைவி ஒரு செவிலியர் என்று தெரிந்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. வார்டில் நின்றவள் சொல்லாமல் இந்த விவரங்கள் வெளியே வராது.

செவிலியருக்கெல்லாம் தலைவியான மேட்ரன் வார்டைச் சுற்றிப் பார்க்கும் ரவுண்ட்ஸைக் கவனியுங்கள். அவர் வருகிறார் என்றதும் வார்டே அல்லோலகல்லோலப்படுகிறது. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. கட்டில் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலையணை உறையின் வாய் வார்டு வாசலைப் பார்க்கக் கூடாது. விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகியதில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் எங்கள் மேட்ரன் ஒன்றும் பேசாமல் முழு விரிப்பையும் உருவிப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்த ஒழுங்கை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனதே அந்த ஊர் மருத்துவமனைகள்தாம். அதனால் உங்கள் மாணவிகளுக்கு இது அந்நிய உலகமாகத் தெரியாது.

மேட்ரனாக வருபவர் ஹாட்டி ஜாக். இரண்டாம் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தில் செவிலியராகத் தொண்டு செய்தவர், பிறகு தொழிற்சாலையில் வெல்டிங் வேலையும் பார்த்தவர். அவர் வார்டுக்குள் நடந்து வரும் விதத்தைப் பாருங்கள். அவசரமே இல்லை, ஆனால் கண் ஒவ்வொரு கட்டிலையும் தொட்டுவிட்டுத்தான் நகரும். கென்னத் வில்லியம்ஸ் நடித்த ரெக்கிட் என்ற அணுவியல் படிப்பாளி அவரை எதிர்த்து வாதாடுகிறான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நோயாளிக்காக விதியா, விதிக்காக நோயாளியா என்ற அந்தக் கேள்வியை மறுநாள் வகுப்பில் விவாதிக்கலாம்.

இன்னொன்று. பிரிட்டனில் எல்லோருக்கும் கட்டணமில்லாத தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது 1948 ஜூலை 5 அன்று. படம் வரும்போது அதற்குப் பதினொரு வயதுகூட நிரம்பவில்லை. குத்துச்சண்டைக்காரன், பத்திரிகையாளன், புத்தகப் புழு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வானொலியிலேயே மூழ்கிக் கிடப்பவர் என்று வேறு வேறு வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் ஒரே வரிசையில் படுத்திருப்பது அதனால்தான். தனியறையில் இருப்பவர் கர்னல் மட்டும். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டிக்கொண்டு, சும்மா சும்மா மணி அடித்து செவிலியரை வாட்டி எடுப்பவர் அவர். கடைசிக் காட்சியில் செவிலியர் அவருக்குச் செய்வது, நைட் டியூட்டியில் மணிச் சத்தத்துக்குக் கால் வீங்க ஓடிய ஒவ்வொருத்திக்கும் நெஞ்சு குளிரும் காட்சி. ஆசனவாயில் வெப்பமானி வைத்து உடல்சூடு பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு டஃபோடில் பூவைக் காம்போடு வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்போது மேட்ரன் உள்ளே வருகிறார். அவர் சொல்லும் பதிலை இங்கே எழுதி ருசியைக் கெடுக்க மாட்டேன்.

பதில்: ஸ்டாஃப் நர்ஸ், ஐசியூ

அம்மாவின் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவள். ஆனாலும் ஒரு குறை சொல்ல வேண்டும். செவிலியரைப் பார்த்து நோயாளிகள் வழிவதும், அவள் சிரித்துக்கொண்டே நகர்வதும் படத்தில் சர்வசாதாரணமாக வருகிறது. இன்று வார்டில் ஒருவன் அப்படி நடந்தால் உடனே மேலிடத்தில் புகார் செய்ய வேண்டும் என்றுதான் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நடு இரவில் ஷாம்பெயின் குடித்த நோயாளிகள் நைட் நர்ஸைக் கட்டிப்போட்டுவிட்டு, ஒருவனுடைய கால் கட்டைவிரல் புடைப்பைத் தாங்களே அறுக்கக் கிளம்புகிறார்கள். மயக்க வாயு கசிந்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது நானும் சிரித்தேன். ஆனால் கட்டிப்போடப்பட்டவள் நானாக இருந்தால் என்ற நினைப்பும் வந்தது.

பதில்: ஓய்வுபெற்ற நர்சிங் கண்காணிப்பாளர்

நீ சொல்வது சரிதான் மகளே. எங்கள் காலத்தில் அதைப் பொறுத்துப் போகச் சொல்லித்தான் வளர்த்தார்கள், அது தவறு. அந்தக் காட்சிகளை வெட்ட வேண்டாம், ஆசிரியை முன்கூட்டியே பேசிவிடட்டும். அறுவை அரங்கக் காட்சியில் நான் பார்ப்பது வேறு ஒன்று. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தூக்கலாம் என்று நினைப்பவன் வார்டிலேயே அதிகம் படித்தவன். கடைசி நொடியில் ஓடிவந்து தடுப்பவர்கள் செவிலியர்கள். படம் யார் பக்கம் நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

'கேரி ஆன் டாக்டர்' வேண்டாம் என்பது என் கருத்து. அதில் நடித்த பிராங்கி ஹவர்டுக்காகத் தனியாகப் பார்க்கலாம். அதற்குள் இரட்டை அர்த்தம் கூடிவிட்டது, வார்டு வேலை குறைந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்

அம்மா, சிஸ்டர், ஐயா, மூவருக்கும் நன்றி. 'கேரி ஆன் நர்ஸ்' என்று முடிவு செய்துவிட்டேன். படத்துக்கு முன் பத்து நிமிடம் பேசப்போகிறேன். ஹாட்டி ஜாக்கின் போர்க்காலப் பணி, 1948, அப்புறம் ஐசியூ சிஸ்டர் சொன்ன வழிசல் விஷயமும் கட்டாயம் உண்டு. ஒரு சந்தேகம்: அங்கே இன்னும் மேட்ரன் இருக்கிறார்களா?

பதில்: பழைய படப் பிரியர்

செவிலியர் நிர்வாகத்தை ஆராய்ந்த சால்மன் குழுவின் 1966 அறிக்கைக்குப் பின் நிர்வாக அடுக்கையே மாற்றி, பழைய மேட்ரன் பதவியைப் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். 1972இல் 'கேரி ஆன் மேட்ரன்' வந்தபோது அது போய்க்கொண்டிருந்த பதவி. பிறகு மக்கள் விரும்பிக் கேட்டதால் 2000க்குப் பின் அந்தப் பெயரில் பதவிகளை மீண்டும் கொண்டுவந்தார்கள். டிவிடியில் ஆங்கிலத் துணைத்தலைப்பு இருக்கிறதா என்று முதல்நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள் மேடம். கென்னத் வில்லியம்ஸ் பேசும் வேகத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.