எல்கின் பிரபு குடும்ப வரலாறு: உலக நிகழ்வுகளோடு எப்படிப் பொருத்துவது?

கேள்வி
ஸ்காட்லாந்தின் புரூஸ் குடும்பத்தை 7வது எல்கின் பிரபு தொடங்கி 9வது வரை எழுதுகிறேன். இடப்பக்கம் குடும்பம், வலப்பக்கம் உலகம் என்று அட்டவணை போட்டால் இரண்டும் ஒட்டவே இல்லை. ஆவணங்களில் வெறும் ‘எல்கின்’ என்றிருந்தால் ஆளை எப்படிப் பிரிப்பது?

பதில் 1
அட்டவணையின் நடுவில் ‘அன்று எந்த ஊரில் இருந்தார்’ என்று ஒரு பத்தி சேருங்கள். 1849 ஏப்ரல் 25 அன்று மான்ட்ரியலில் நாடாளுமன்றக் கட்டடத்தை எரித்தார்கள். கனடாவின் கவர்னர் ஜெனரல் ஜேம்ஸ், அதாவது 8வது பிரபு, கலக இழப்பீட்டு மசோதாவுக்கு ஒப்புதல் தந்ததுதான் காரணம். அதே ஊரில் மே 16 அன்று அவர் மகன் விக்டர் பிறந்தார். ஊர்ப் பத்தி இல்லையென்றால் இந்த மூன்று வார இடைவெளி கண்ணில் படாது.

தேதியும் இரண்டு வேண்டும்: நடந்த நாள், அவருக்குச் செய்தி கிடைத்த நாள். மீரட் கிளர்ச்சி 1857 மே 10. சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஜேம்ஸுக்கு அது சிங்கப்பூரில், ஜூனில்தான் தெரிந்தது. பிறகே சீனப் போருக்கான படைகளைக் கல்கத்தாவுக்குத் திருப்பினார். ஒரே தேதி போட்டால் அவர் சும்மா இருந்ததாக ஆகிவிடும்.

பதில் 2
ஆளைப் பிரிக்க இறந்த நாள்களே போதும். 1841 நவம்பர் 14 வரை தாமஸ், அதாவது 7வது பிரபு. ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களை 1816இல் 35,000 பவுண்டுக்கு அரசுக்கு விற்றவர். 1863 நவம்பர் 20இல் தர்மசாலாவில் இறக்கும்வரை ஜேம்ஸ். 1860இல் பீக்கிங் கோடை அரண்மனையை எரிக்கச் சொன்னவர். பிறகு விக்டர். வைஸ்ராய் பதவியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்: 1862–63 தந்தை, 1894–99 மகன். 1896–97 பஞ்சம் மகன் காலத்தது.

‘புரூஸ் பிரபு’ என்பது உயிரோடிருக்கும் மூத்த வாரிசுக்கான மரியாதைப் பட்டம். 1840 வரை அது ஜேம்ஸின் மாற்றாந்தாய் அண்ணன் ஜார்ஜ். அவர் இறந்ததால், 1841 சவுதாம்ப்டன் தேர்தலில் வென்ற ‘புரூஸ் பிரபு’ ஜேம்ஸ்தான்.

பதில் 3
ஆவணம் பற்றி: ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய திருச்சபைப் பதிவேட்டில் பெரும்பாலும் ஞானஸ்நான நாள்தான் இருக்கும்; அதைப் பிறந்த நாளாக எழுதிவிடாதீர்கள். நிலம் யாருக்குப் போனது என்று உயிலில் தேடுவதும் வீண். 1868க்கு முன் நிலத்தை உயிலால் எழுதிவைக்க முடியாது. வாரிசு உறுதிப்பத்திரங்களையும் 1617 முதலான சேசின் (நில உரிமை மாற்றம்) பதிவேட்டையும் பாருங்கள்.

முன்னோர்களுக்கும் போவதானால் இன்னொன்று: ஸ்காட்லாந்தில் 1600 முதலே ஆண்டுப் பிறப்பு ஜனவரி 1, இங்கிலாந்தில் 1751 வரை மார்ச் 25. எடின்பரோ கடிதத்தின் 1720 பிப்ரவரி, லண்டன் கடிதத்தில் 1719 பிப்ரவரி. அட்டவணையில் எழுதும்போது கடிதம் புறப்பட்ட ஊரையும் குறித்துவிடுங்கள்.