நடுக்கட்டத்தில் புள்ளடி போட்டால் குறையில்லை என்று அர்த்தமா?

முல்லைமணல்:
நேற்று பரந்தன்தம்பி இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வன்னியில் ஒரு வைத்தியசாலையில் பணிக் கலாசாரத்தை அளக்க வினாக்கொத்துக் கொடுத்தார்களாம். பெரும்பாலானோர் ‘உடன்பாடும் இல்லை, மறுப்பும் இல்லை’ என்ற நடுக்கட்டத்தில் புள்ளடி போட்டார்களாம். ஆகவே ஊழியருக்குப் பெரிய குறை எதுவும் இல்லையாம்! 27 வருடம் தாதியாக நின்றவள் சொல்கிறேன்: நடுக்கட்டம் என்றால் வாயை மூடிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

பரந்தன்தம்பி:
அக்கா, நான் முகாமைத்துவம் படித்தவன், வாய்க்கு வந்ததை எழுதுபவன் அல்லன். அது அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட, நோயாளர் பாதுகாப்புக் கலாசாரத்தை அளக்கும் வினாக்கொத்து. 42 கேள்விகள், 12 கூறுகள். எத்தனையோ நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் கண்டது ஒரு விடுதி.

முல்லைமணல்:
ஒரு விடுதியைக் கண்டவள் அந்த வினாக்கொத்தின் கணக்கையும் படித்திருக்கிறேன். சாதகமான பதில் என்று அவர்கள் எண்ணுவது உடன்பட்டவர்களை மட்டும். எதிர்மறையாகக் கேட்ட கேள்வி என்றால் மறுத்தவர்களை மட்டும். நடுக்கட்டம் சாதகத்தில் சேராது. நீங்கள் எந்தப் பக்கத்தில் கூட்டினீர்கள்?

கனகராயன்:
முதலில் கலாசாரம் என்றால் என்ன என்று பேசலாமே. நிறுவனக் கலாசாரத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எட்கார் ஷைன் அதை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்லிக்கொள்வது, யாரும் சொல்லாமலே எல்லாரும் நம்புவது. மூன்றாவதை எந்தப் படிவம் தொடும்?

பரந்தன்தம்பி:
ஐயா, ஷைன் ஒரு பக்கம் இருக்கட்டும். நடுக்கட்டம் சாதகம் இல்லையென்றால் பாதகமும் இல்லை. நான் சொன்னதும் அதுதான். குறை இருந்தால் செவிலியர்கள் மறுத்து எழுதியிருப்பார்கள்.

மாங்குளத்தான்:
செவிலியரா? வன்னியில் எந்த வைத்தியசாலைப் பலகையில் அந்தச் சொல்லைக் கண்டீர்? எங்களுக்குத் தாதி. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் படித்த முகாமைத்துவமா?

பரந்தன்தம்பி:
சொல்லைப் பிடித்துத் தொங்காதீர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா என்ற விவாதத்திலும் கணக்குக் கேட்டால் ஊர்ப்பெருமை பேசியவர்தான் நீங்கள்.

மாங்குளத்தான்:
அந்த விவாதத்தில் பதில் இல்லாமல் ஓடியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

முல்லைமணல்:
தண்ணீரை விடுங்கள். ஓய்வுக்கு முந்திய வருடம் எங்களுக்கும் இப்படி ஒரு படிவம் வந்தது. காலைக் கடமையை ஒப்படைக்கும் நேரம்; மருந்துத் தள்ளுவண்டியின் மேல் வைத்து நிரப்பினோம். பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். ஆனால் விடுதி, பதவி, சேவைக் காலம் மூன்றும் கேட்டிருந்தது. எங்கள் விடுதியில் 20 வருடம் தாண்டியவள் நான் ஒருத்திதான். பிறகு பெயர் எதற்கு? படிவங்களை வாங்க வந்து நின்றவர், எங்கள் சம்பள ஏற்றத்துக்குக் கையெழுத்துப் போடுகிற அதே மேலதிகாரி.

‘தவறு செய்தால் அதை எங்களுக்கு எதிராகவே திருப்புகிறார்கள்’ என்ற இடத்தில் பக்கத்துப் பிள்ளையின் பேனா நின்றது. ஒரு கிழமைக்கு முன்தான் சேலைன் போத்தலை மாற்றி ஏற்றப்போனதைத் தானே கண்டுபிடித்துச் சொன்னாள். சொன்னதற்கு நோயாளிகள் முன்னால் ஏச்சு வாங்கினாள். நிமிர்ந்து கதவடியைப் பார்த்தாள். நடுக்கட்டத்தில் புள்ளடி போட்டாள். அதன்பின் கேள்வியை வாசிக்கவே இல்லை. கடைசி வரை நடுவாலே நேர்கோடாக இறங்கினாள். அந்தக் கோட்டைத்தான் நீங்கள் ‘குறையில்லை’ என்கிறீர்கள்.

ஸ்காபரோவாசி:
இங்கே கனடாவில் நாங்கள் கணினியில் நிரப்புகிறோம். மேலதிகாரி பார்க்க முடியாது. அங்கே திருந்த மாட்டார்கள்.

மாங்குளத்தான்:
பனியில் இருந்துகொண்டு எங்களுக்குத் திருத்தம் சொல்ல வேண்டாம். மருந்தும் ஆளும் இல்லாத நாட்களிலும் இந்த மண்ணில் வைத்தியசாலை நடந்தது.

நூல்கண்டு:
ஆடைத் தொழிற்சாலையிலும் இதே கதை. நிரப்பும்போது மேற்பார்வையாளர் முதுகுப் பக்கம் நடந்துகொண்டே இருப்பார். நாங்களும் நடுக்கட்டம்தான். கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தைக் குறிக்கும் கொப்பியைப் பார்த்தால் எங்கள் கலாசாரம் தெரியும்.

பரந்தன்தம்பி:
தொழிற்சாலையும் வைத்தியசாலையும் ஒன்றல்ல. கொழும்பு காசல் வீதி பெண்கள் வைத்தியசாலை 2000இல் பணியிடத்தை ஒழுங்குபடுத்தும் ஜப்பானின் ஐந்து எஸ் முறையைத் தொடங்கி ஒழுங்கில் பெயர் எடுத்தது. அளந்துதான் முன்னேறினார்கள்.

முல்லைமணல்:
ஐந்து எஸ் நல்லது. அலுமாரிக்கு லேபல் ஒட்டினேன், தேவையற்றதைக் கழித்தேன், பலன் கண்டேன். அலுமாரிக்கு மேலதிகாரியைக் கண்டு பயமில்லை தம்பி. அளக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? உங்கள் வினாக்கொத்திலேயே, கடந்த 12 மாதத்தில் எத்தனை நோயாளர் பாதுகாப்புச் சம்பவங்களை அறிக்கையிட்டீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பதிலை ஏன் எழுதவில்லை? 2019இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘பொருந்தாது அல்லது தெரியாது’ என்று தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். நடுக்கட்டத்துக்கு ஒரே அர்த்தம்தான் என்றால் அது எதற்கு?

பரந்தன்தம்பி:
நான் பேசியது 2004ஆம் ஆண்டுப் படிவத்தைப் பற்றி. அதில் நடுக்கட்டம் நடுக்கட்டம்தான். பயம் என்பது உங்கள் ஊகம்.

கனகராயன்:
கலாசாரம் என்றால் என்ன என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

முல்லைமணல்:
பேனா நின்றதை என் கண்ணால் கண்டேன், அது ஊகமா? திரும்பவும் கேட்கிறேன்: நடுக்கட்டத்தை எந்தப் பக்கத்தில் கூட்டினீர்கள்?

பரந்தன்தம்பி:
பதில் மேலே இருக்கிறது. வாசியுங்கள்.

மாங்குளத்தான்:
மேலே இருப்பது ‘செவிலியர்’ மட்டும்தான். அதையாவது திருத்துங்கள்.