புதுப்பிப்பு: விர்ட்-மேனேஜரில் லினக்ஸ் திரை திணறல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. விர்ட்-மேனேஜரில் (ஒரு கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை இயக்க உதவும் மென்பொருள்) நிறுவிய லினக்ஸில் ஒரு விண்டோவை இழுத்தாலே திணறுகிறது, திரை அளவும் மாறுவதில்லை என்று கேட்டிருந்தேன்.

நினைவகத்தைக் கூட்டியதில் திரையின் வேகம் மாறவில்லை. பலன் தந்தது, வீடியோ மாடலை (மெய்நிகர் கணினியின் கிராபிக்ஸ் அட்டை வகை) விர்ட்டியோவுக்கு மாற்றி, 3டி முடுக்கத்தை (படம் வரையும் வேலையை நிஜ கிராபிக்ஸ் சிப்பிடம் விடுவது) இயக்கச் சொன்ன யோசனைதான். ஆனால் அதை மட்டும் செய்தால் மெய்நிகர் கணினி தொடங்கவே மறுக்கிறது. அமைப்புகளில், மெய்நிகர் கணினியின் திரையை நமக்குக் காட்டும் டிஸ்ப்ளே ஸ்பைஸ் பகுதியில் ஓபன்ஜிஎல்-ஐ (கிராபிக்ஸ் வரைவதற்கான இடைமுகம்) டிக் செய்து, லிசன் டைப்பை (வெளி இணைப்புகளை ஏற்கும் முறை) 'நன்' (None, எதுவுமில்லை) என்று வைக்க வேண்டும். அப்புறம் சரியாகத் தொடங்கியது.

உள்ளிருக்கும் லினக்ஸில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையை இயக்கி, படத்தை எது வரைகிறது என்று சொல்லும் ரெண்டரர் வரியைப் பாருங்கள். முன்பு எல்எல்விஎம்பைப் என்று இருந்தது, அதாவது படம் முழுவதையும் சிபியுவே வரைந்துகொண்டிருந்தது. இப்போது விர்ஜிஎல் என்று காட்டுகிறது, அதாவது வரையும் வேலை நிஜ கிராபிக்ஸ் சிப்புக்குப் போகிறது. விண்டோக்கள் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

திரை அளவுக்கு, உள்ளிருக்கும் லினக்ஸில் ஸ்பைஸ்-விடிஏஜென்ட் (திரை அளவு மாற்றத்தை உள்ளே தெரிவிக்கும் துணை நிரல்) நிறுவி, விர்ட்-மேனேஜரின் வியூ மெனுவில் ஸ்கேல் டிஸ்ப்ளேயின் கீழ் தானாக அளவு மாற்றும் தேர்வை இயக்கினேன்.

எதிர்பாராத ஒன்று: இந்த அமைப்பில் திரையை அதே கணினியில் மட்டுமே பார்க்க முடியும். வேறு கணினியிலிருந்து ஸ்பைஸ் வழியாக இணைய வேண்டியவர்கள் ஓபன்ஜிஎல்-ஐயும் 3டி முடுக்கத்தையும் இயக்காமல் விடுங்கள்.