ரவிவர்மா அச்சகப் படத்தை ஸ்கேன் செய்து சீராக்குவது எப்படி?

கேள்வி:
பாட்டி வீட்டுப் பூசையறையில் இருந்த லட்சுமி படம் என்னிடம் வந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் ரவிவர்மா அச்சகத்தின் பெயர் உள்ளது. வார்னிஷ் மஞ்சளித்து, புடவையின் சிவப்பு வெளிறிவிட்டது. ஸ்கேன் செய்யும்போது அச்சுப் புள்ளிகளை நீக்கும் வசதியைப் பயன்படுத்தியதும் அம்மன் முகம் மெழுகு பொம்மை போல ஆகிவிட்டது. மஞ்சளைக் குறைத்தால் தாமரை நீலம் பாய்ந்து நிற்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில் 1:
அந்த வசதியை உடனே அணைத்துவிடுங்கள். அது ஆஃப்செட் காலண்டர்களில் வரிசை பிசகாமல் விழும் புள்ளிகளுக்கானது. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தில் படத்தைக் கல்லில் வரைந்து அதிலிருந்து அச்சிட்டார்கள்; ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல் இருந்தது. அந்தக் கல்லில் கலைஞர்கள் கையால் வைத்த புள்ளிகளே உங்கள் படத்தில் இருப்பவை. உருப்பெருக்கியால் கன்னத்தைப் பாருங்கள்: இளஞ்சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் ஒழுங்கில்லாமல் சிதறி, எட்ட நின்று பார்க்கும்போது மட்டும் சதையின் நிறமாகக் கூடும். அவற்றை அழித்தால் அந்தக் கைவேலையே போய்விடும். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), நிறத்துக்கு 16 பிட் என்று வைத்து ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. புடவைக் கரையில் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதில் 2:
தயவுசெய்து அதைப் பிரிக்க முயலாதீர்கள். மை கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். மேடான ஜரிகை பல ஸ்கேனர்களில் மங்கலாகத்தான் விழும் என்பதால், கண்ணாடியோடு சேர்த்துக் கேமராவில் எடுப்பதே நல்லது. இரு பக்க விளக்குகளிலும் லென்ஸிலும் போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) பொருத்தி, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால் கண்ணாடி, வார்னிஷ் இரண்டின் பளபளப்பும் அடங்கும். ஜரிகையின் மினுக்கமும் அதோடு போய்விடுமாதலால், போலரைசர் இல்லாமல் இன்னொரு படம் எடுத்து, அந்தப் பகுதியை மட்டும் மேலே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வார்னிஷ் நீல ஒளியை விழுங்குவதால்தான் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. அது எங்கும் ஒரே கனத்தில் இருக்காது. படம் முழுவதற்கும் ஒரே திருத்தம் கொடுத்ததால்தான் தாமரை நீலமானது. படத் திருத்த மென்பொருளில் நீல நிறத்தின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும் வளைவுக் கோட்டை (நீலச் சேனலின் curve) பகுதி பகுதியாக உயர்த்துங்கள். தாளின் ஓரத்தைப் பளீர் வெள்ளையாக்க வேண்டாம். பழுப்பு அந்தத் தாளின் வயது. சிவப்புக்கு, ஒட்டாத பக்கத்தில் சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரத்தைப் பாருங்கள். வெளிச்சம் படாத இடத்தில் பழைய நிறம் தங்கியிருக்கும்.

கேட்டவர்:
சட்டத்தைத் தளர்த்திப் பார்த்தேன். இடப்பக்கத் தாமரையின் ஓர் இதழ் பாதி உள்ளே இருந்தது. வெளிப்பாதி வெளிர் ரோஜா, உள்பாதி நல்ல சிவப்பு. அந்த இதழை அளவாக வைத்து இன்று மீண்டும் தொடங்குகிறேன்.