பக்கவாதத்தில் விழுந்த கை: எங்கள் அனுபவங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்தது. நடை சீக்கிரமே திரும்பிவிட்டது. கைதான் பாடாய்ப் படுத்தியது. அதைவிடக் கொடுமை தோள்வலி. கட்டிலிலிருந்து எழுப்பிய ஒவ்வொருவரும் அந்தத் தளர்ந்த கையைப் பிடித்துத்தான் இழுத்தார்கள், மருத்துவமனை உதவியாளர்கள் உட்பட. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, தோள் முனைக்குக் கீழே விரல் பதியும் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார். தசை தளர்ந்தால் கையின் பாரமே மூட்டைக் கீழே இறக்கிவிடுமாம். உட்காரும்போது முழங்கைக்கு அடியில் தலையணை. எழுப்பும்போது கையை விட்டுவிட்டு, முதுகுப் பக்கம் தோள்பட்டையைத் தாங்குவது. இவ்வளவுதான் மாற்றினோம், அப்பா இரவில் தூங்க ஆரம்பித்தார். மருத்துவமனையிலேயே ஒருவர் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு கண்ணாடிப் பயிற்சி. மேசை நடுவில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை விரித்து மடக்க வேண்டும். கண்ணாடிக்குள் வலது கையே அசைவதாகத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை அந்தக் கையை மறுபடி இயக்கப் பழகுகிறது. கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் எழும் வலிக்காக 1990களில் இந்த முறையைக் கொண்டுவந்த வி.எஸ். ராமச்சந்திரன், எங்கள் பக்கத்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதைக் கேட்டதும் அப்பாவுக்குத் தனி உற்சாகம்!

முதலில் கட்டைவிரல் அசைந்தது. அடுத்து, சோறு பிசைவது. ஊட்டுவதை நிறுத்த அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. இப்போது தயிர்சாதத்தை அப்பாவே பிசைந்து சாப்பிடுகிறார். ரசம் சாதத்துக்கு இன்னும் ஸ்பூன்தான்.

அசோக் நகரிலிருந்து:

அக்கா, ஊட்டுகிற பிரச்சினை எங்கள் வீட்டிலும் உண்டு. மாமியாருக்கு இடது கை. பூண்டு உரிக்கக் கொடுத்தோம்: இடது கை பிடித்துக்கொள்ள, வலது கை உரிக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ரப்பர் பந்தை அழுத்தச் சொல்வார்கள். விரல்கள் ஏற்கெனவே இறுகி மடங்கியிருந்தால் அது வேண்டாம் என்றார் எங்கள் பிசியோ. விரிக்கிற பயிற்சிதான் அப்போது முக்கியமாம்.

பெரம்பூரிலிருந்து:

என் தம்பிக்கும் இதே நிலை. வீட்டுக்கு வர ஆள் வைத்தால் செலவு தாங்குமா?

அசோக் நகரிலிருந்து:

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) வீடு தேடி வருகிறது. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தம்பியை அழைத்துவர முடிந்தால், கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும் காட்டிவிடுங்கள். அதுவரை அந்தக் கையை யாரும் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.