இரண்டு நாளாக வசனம் வரவில்லை

குழு: சந்தூர் தோட்டத்து வீடு
நவம்பர், செவ்வாய்க்கிழமை

காவேரிப்பட்டணம் அத்தை, காலை 10.41
ஆப்பிரிக்காவிலிருந்து பெரியண்ணன் தினமும் அனுப்பும் பைபிள் வசனம் இன்றைக்கும் வரவில்லை. நேற்றும் இல்லை. யாராவது கவனித்தீர்களா?

வினோத், 10.43
நான் குழுவை மியூட்டில் போட்டிருக்கிறேன் அத்தை.

காவேரிப்பட்டணம் அத்தை, 10.43
உன்னைக் கேட்கவில்லை.

சித்தி, 10.47
ஆமாம் அண்ணி. ஒன்பதரைக்கு டாண் என்று வந்துவிடுமே. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் உலை வைப்பேன்.

காவேரிப்பட்டணம் அத்தை, 10.52
சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது ஒருவர் கேட்டார், "உங்கள் அண்ணனுக்கு மலேரியா முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாமே" என்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. இரண்டு ராத்திரியாகத் தூக்கம் கிடையாது.

பெங்களூர் ஜெனி அக்கா, 10.53
எந்த ஒருவர்?

பெங்களூர் ஜெனி அக்கா, 10.53
எனக்கு ஏன் போன் செய்யவில்லை அத்தை?

காவேரிப்பட்டணம் அத்தை, 10.55
உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் கண்ணு.

பெங்களூர் ஜெனி அக்கா, 10.55
குழுவில் போட்டால் பயம் வராதா?

பெங்களூர் ஜெனி அக்கா, 10.59
அப்பா போன் போகவில்லை. அம்மா போனும் போகவில்லை. மெசேஜ் ஒரே டிக்கில் நிற்கிறது.

காவேரிப்பட்டணம் மாமா, 11.02
(பல முறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) எந்தக் காய்ச்சலும் பறந்து போக பப்பாளி இலைச் சாறு காலை மாலை இரண்டு ஸ்பூன்.

வினோத், 11.03
அது டெங்குவுக்குச் சொல்வது மாமா.

காவேரிப்பட்டணம் மாமா, 11.04
அதுவும் கொசுதான்.

சித்தப்பா, 11.06
அங்கே கரண்ட் போயிருக்கும். போன வருடமும் மூன்று நாள் இப்படித்தான். வீணாகப் பதறாதீர்கள்.

சித்தப்பா, 11.09
நமக்கு அவசரம் என்றால் அவர்கள் போன் கிடைக்காது, தெரிந்ததுதானே. அம்மா தவறியபோதும் ஒரே டிக்தான்.

காவேரிப்பட்டணம் அத்தை, 11.10
தம்பி. அதை இப்போது எதற்கு எடுக்கிறாய்.

நான், 11.14
சித்தப்பா, அது ஃப்ரெடி புயல் அடித்த வாரம். 2023 மார்ச். மலாவியின் தெற்கு முழுக்க மண்சரிவு, ரோடு பாலம் எல்லாம் போய்விட்டது. இவர்கள் இருக்கும் முலான்ஜே பக்கமும் அதில்தான் மாட்டியது.

சித்தப்பா, 11.15
நியூஸ் நானும் பார்த்தேன் ராஜா.

பிரியா, 11.20
பெரியப்பாவுக்கு ஒன்றும் இருக்காது இல்லையா? ஜனவரிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

வினோத், 11.20
உனக்கு உன் கல்யாணக் கவலை.

பிரியா, 11.21
வாயை மூடு அண்ணா.

காவேரிப்பட்டணம் மாமா, 11.26
பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்றா? தர்மபுரியில் எனக்குத் தெரிந்த பிரஸ் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கும் பக்கம்.

சித்தி, 11.31
இன்னும் கொடுக்கவில்லை அண்ணா. அக்காவும் மாமாவும் வருகிறார்களா இல்லையா என்று தெரியாமல் பெயரை எப்படிப் போடுவது.

காவேரிப்பட்டணம் அத்தை, 11.32
வந்தாலும் வராவிட்டாலும் மூத்தவர் பெயர்தான் முதலில்.

சித்தி, 11.40
போட மாட்டேன் என்று நான் சொன்னேனா அண்ணி?

பெங்களூர் ஜெனி அக்கா, 11.41
கொஞ்ச நேரம் பத்திரிகையை விடுங்களேன். இன்னும் ஒரே டிக்.

மலாவி பெரியப்பா, மதியம் 1.24
அனைவருக்கும் ஸ்தோத்திரம். கடைத்தெருவில் சோலார் வைத்திருக்கும் கடையில் போனைச் சார்ஜ் போட்டு இப்போதுதான் வாங்கினேன். எல்லாவற்றையும் படித்தேன். நான் உயிரோடு இருக்கிறேன். இங்கே மணி காலை 9.54. நான்கு விஷயம் சொல்ல வேண்டும், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.
முதலாவது, கரண்ட். இந்த நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே என்ற ஒரே ஆற்றை நம்பி இருக்கிறது. 2022 ஜனவரியில் அனா புயல் வந்து கபிச்சிரா நீர்மின் நிலையத்தின் அணையை உடைத்தபோது, நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் போனது. அதைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் இப்போது இங்கே மழைக்காலம் ஆரம்பம். ஞாயிறு மாலை இடி மழையில் எங்கள் வளைவில் கம்பம் சாய்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் அத்தை, 1.24
அண்ணா!!!

சித்தி, 1.25
ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்

பெங்களூர் ஜெனி அக்கா, 1.25
அப்பா மலேரியாவா??

வினோத், 1.26
கரண்ட் என்ற ஒரு வார்த்தைக்கு இவ்வளவா.

மலாவி பெரியப்பா, 1.31
குறுக்கே பேசாதே என்றேனே. இரண்டாவது, மலேரியா. எனக்கு வரவில்லை. உன் அம்மாவுக்கு வந்தது. இரண்டு வாரம் ஆகிறது. ஆயருக்கு அனுப்பிய ஜெபக்குறிப்பில் "வீட்டில் மலேரியா" என்று எழுதினேன். அது கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போவதற்குள் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது.

பெங்களூர் ஜெனி அக்கா, 1.31
இரண்டு வாரமா????

பெங்களூர் ஜெனி அக்கா, 1.32
ஆயருக்குச் சொல்லத் தெரிகிறது, மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மலாவி பெரியம்மா, 1.36
ஜெனி, அம்மா நன்றாக இருக்கிறேன்டி. சாயங்காலம் குளிர் எடுத்தது, விரலில் குத்திப் பார்த்தோம், இரண்டு கோடு வந்தது. 3 நாளில் 6 வேளை மாத்திரை. நான்காம் நாள் வார்டு வேலைக்குப் போய்விட்டேன். வாய்தான் ஒரு வாரம் கசந்தது. இங்கே இது நம் ஊர் சளி மாதிரி, ஆளாளுக்கு வரும். ஆனால் சின்னப் பிள்ளைக்கு வந்தால் ஒரு ராத்திரி கூடத் தள்ளிப்போடக் கூடாது, அதுதான் பயம். நான் சின்னப் பிள்ளையா?

பெங்களூர் ஜெனி அக்கா, 1.37
இல்லை. அறுபத்தாறு வயது.

மலாவி பெரியப்பா, 1.44
மூன்றாவது, பார்சல். ஜெனிக்குத் தெரிந்த ஒருவர் பெங்களூரிலிருந்து அடிஸ் அபாபா வழியாக இங்கே பிளான்டயர் நகரத்துக்கு வருகிறார். அவர் பெட்டியில் 4 கிலோ இடம் இருக்கிறதாம். என்ன அனுப்ப வேண்டும் என்று

காவேரிப்பட்டணம் அத்தை, 1.44
ராகி மாவு! வறுத்து அரைத்து வைத்திருக்கிறேன், 2 கிலோ.

சித்தி, 1.45
துவரம்பருப்பு தோட்டத்துது இருக்கிறது அக்கா.

மலாவி பெரியப்பா, 1.53
நான் முடிக்கவில்லை. துவரை வேண்டாம். இங்கே அதற்கு நாண்டோலோ என்று பெயர். நம் நாடே இவர்களிடம் வருடத்துக்கு 50,000 டன் வாங்க 2021ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அங்கிருந்து இங்கே அனுப்புவது மாம்பழத்தைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்புகிற கதை. ராகியும் வேண்டாம். ராகி நம் ஊருக்கு வந்ததே ஆப்பிரிக்காவிலிருந்துதான். எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலத்தில் பல ஆயிரம் வருடத்துக்கு முன்பு பயிராகி, கடல் தாண்டி வந்தது. இங்கே இன்றும் விளைகிறது. தினமும் நாங்கள் சாப்பிடுவது ன்சிமா, அதாவது மக்காச்சோள மாவில் களி. வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். துடுப்பு போட்டுக் கிண்டுகிற அந்தத் தோள் அசைவைப் பார்த்தால் அம்மா ஞாபகம் வரும்.

காவேரிப்பட்டணம் அத்தை, 1.54
அந்த ராகி நம் ராகி மாதிரி வருமா. நான் 2 கிலோ கட்டிவிட்டேன்.

வினோத், 1.55
ராகி சொந்த ஊருக்குப் போகிறது.

சித்தப்பா, 1.58
அம்மா ஞாபகம் இங்கே வந்தாலும் வரும் அண்ணா.

மலாவி பெரியம்மா, 2.06
தம்பி, இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. அத்தை, உங்கள் அம்மா, போன செய்தி எங்களுக்கு மறுநாள்தான் வந்தது. ரோடு இல்லை. உங்கள் அண்ணன் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ. இருட்டுகிற நேரம் பத்துப் பதினைந்து பெண்கள், இடுப்பில் சித்தேஞ்சேத் துணி நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒருத்தி தலையில் விறகு, ஒருத்தி கையில் ஒரு தட்டு மக்காச்சோள மாவு. அந்த மாவு அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்காது, பாதிப் பேருக்குச் சுவர் விழுந்துவிட்டது. இங்கே சாவு வீட்டுக்கு அப்படித்தான் வருவார்கள். பெட்டி இல்லை, உடல் இல்லை. வெறும் தரையில் என்னோடு உட்கார்ந்து விடிய விடியப் பாடினார்கள். அத்தை பெயர் என்ன என்று கேட்டு, அந்தப் பெயரை அவர்கள் வாயில் வந்த மாதிரி சொல்லிச் சொல்லி.

சித்தி, 2.09
அக்கா

காவேரிப்பட்டணம் அத்தை, 2.10
இதை ஏன் அண்ணி இத்தனை நாள் சொல்லவில்லை.

சித்தப்பா, 2.21
எனக்குத் தெரியாது அண்ணி.

சித்தப்பா, 2.22
அண்ணா, மாந்தோப்புக் குத்தகை பேசிவிட்டேன். பெங்களூரா மரம் மட்டும். செந்தூரா நமக்கு. கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

மலாவி பெரியப்பா, 2.26
சரி. போன வருடக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன் என்றுதான் சொன்னாய்.

சித்தப்பா, 2.27
போன வருடம் பூ கொட்டிவிட்டது. உங்களுக்கென்ன, அங்கே டாலரில் வருகிறது.

மலாவி பெரியப்பா, 2.33
டாலர் இல்லை தம்பி, க்வாச்சா. 2023 நவம்பரில் ஒரு டாலர் 1,180 க்வாச்சாவாக இருந்தது 1,700 ஆனது, ஒரே அறிவிப்பில். அன்று சாயங்காலமே எண்ணெய்க் கடையில் விலைப் பலகையை அழித்துவிட்டு எழுதாமல் வைத்திருந்தார். எங்கள் அலவன்ஸ் ஏறவில்லை. அதற்காகக் குறை சொல்லவில்லை. பள்ளியில் பத்து பேருக்கு ஒரு கணக்குப் புத்தகம். நான் கரும்பலகையில் எழுதினால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அப்படியே நிற்பார்கள். போச்சம்பள்ளியில் 31 வருடம் நின்றேன், அந்தப் பார்வை கொஞ்சம் பேரிடம்தான் பார்த்தேன்.

வினோத், 2.34
நான் உங்களிடம்தான் படித்தேன் பெரியப்பா.

மலாவி பெரியப்பா, 2.34
தெரியும்.

சித்தப்பா, 2.41
இங்கே பிள்ளைகள் இல்லையா அண்ணா கணக்குச் சொல்லித்தர? இங்கே ஊழியம் இல்லையா?

மலாவி பெரியப்பா, 2.50
லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827ல். அவர்கள் ஊரிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அதே மிஷன் அனுப்பித்தான் லிவிங்ஸ்டனும் ஆப்பிரிக்கா வந்தார், அவர் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர்தான் இங்கே பிளான்டயர். அவர்கள் வந்ததால்தான் தாத்தா கையெழுத்துப் போட்டார். வாங்கியதை எங்கேயாவது திருப்ப வேண்டும் இல்லையா.

சித்தப்பா, 2.52
அவர் அங்கே போனபோது அவருக்கு 69 வயதும் சுகரும் இல்லை.

காவேரிப்பட்டணம் மாமா, 2.53
மச்சான், அங்கே மாம்பழம் உண்டா?

மலாவி பெரியம்மா, 2.57
இப்போதுதான் அண்ணா ஆரம்பம். கிறிஸ்துமஸுக்கு இங்கே மாம்பழம். ரோட்டோரம் பிளாஸ்டிக் வாளியில் குவித்து விற்கிறார்கள். நார் அதிகம். நம் செந்தூரா மாதிரி இல்லை. இவர் தினம் நான்கு சாப்பிட்டுவிட்டுச் சுகர் மெஷினை ஒளித்து வைக்கிறார்.

பெங்களூர் ஜெனி அக்கா, 2.58
அப்பா

மலாவி பெரியப்பா, 2.59
நான்காவது விஷயத்துக்கு வருகிறேன்.

பிரியா, 2.59
பெரியப்பா முதலில் இதைச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு வருவீர்களா? டிசம்பர் கடைசி ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறார்கள்.

மலாவி பெரியப்பா, 3.03
அதுதான் நான்காவது. முதல் பருவம் டிசம்பரில் முடிகிறது. ஜனவரியில் பள்ளி திறந்துவிடும். அதனால் எப்படி என்றால்

காவேரிப்பட்டணம் அத்தை, 3.09
எப்படி என்றால்?

சித்தி, 3.12
மாமா?

வினோத், 3.15
சார்ஜ் தீர்ந்திருக்கும். கரண்டுக்கு அவ்வளவு எழுதினால்.

மலாவி பெரியம்மா, 3.18
அவர் போன் அணைந்துவிட்டது. இங்கே தங்கும் பெர்மிட்டை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கக் கொடுத்ததைச் சொல்லிவிட்டாரா?

பெங்களூர் ஜெனி அக்கா, 3.18
என்ன????

சித்தப்பா, 3.19
ஓ.

காவேரிப்பட்டணம் அத்தை, 3.19
இரண்டு வருடமா அண்ணி?

மலாவி பெரியம்மா, 3.22
சொல்லவில்லையா. ஐயோ.

மலாவி பெரியம்மா, 3.27
பிரியா கண்ணு, நானாவது வருவேன். டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் என்றால் விலை அதிகம், அவர் எனக்கு மட்டும் போடச் சொல்கிறார், நான் அவரை மட்டும் போகச் சொல்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.

சித்தப்பா, 3.36
இரண்டு பேரும் வர வேண்டும். குத்தகை முன்பணம் என்னிடம் இருக்கிறது. அதில் போடலாம்.

நான், 3.37
சித்தப்பா, அது பந்தலுக்கு வைத்தது இல்லையா?

சித்தப்பா, 3.38
பந்தல் அப்புறம் பார்க்கலாம்.

சித்தி, 3.38
அப்புறம் என்றால்? வீட்டுக்குள் வாருங்கள், பேச வேண்டும்.

காவேரிப்பட்டணம் மாமா, 3.44
அப்படியென்றால் பத்திரிகைக்கு இப்போது சொல்லலாமா, வேண்டாமா?

மலாவி பெரியம்மா, 3.51
எனக்கும் சார்ஜ் 4 சதவீதம். ஜெனி, பார்சலில் வேறு எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குக்கர் கேஸ்கட் இரண்டு வை. பழையது இளகி ஆவி பக்கவாட்டில் போகிறது, பருப்புக்கு ஒரு மணி நேரம். கட்டிப் பெருங்காயம் ஒன்று. ராகி அத்தை மனசுக்கு ஒரு கிலோ போதும்.

பெங்களூர் ஜெனி அக்கா, 3.52
எந்தக் குக்கர் அம்மா? 3 லிட்டரா, 5 லிட்டரா?

பெங்களூர் ஜெனி அக்கா, 4.05
அம்மா?

பெங்களூர் ஜெனி அக்கா, 4.30
ஒரே டிக்.

காவேரிப்பட்டணம் அத்தை, 4.33
இரண்டு சைஸும் வாங்கிவிடு. நான் ராகியைக் குறைக்க மாட்டேன்.